கை ஆறும்வரை

காலை ஏழேகாலுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுவிடும். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு கலையும்போது வடிவேலு வருவான். கையில் ஒரு கூடை மீன். வசந்தியின் வாசலில் வந்து நிற்பான். கூடையை வைத்துவிட்டுப் போகக் கூடாது. அவள் வந்து வாங்கும்வரை நிற்க வேண்டும். குப்பத்துப் பஞ்சாயத்தின் தீர்ப்பு அது.

வசந்தி உள்ளேதான் இருந்தாள். இடது கையால் டீயை ஆற்றினாள். ஆறிய டீயை மறுபடியும் ஆற்றினாள்.

"யக்கா."

அவள் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"யக்கோவ். மீன் கெட்டுப்பூடும்."

"கெடட்டும். நீ கெடல?"

குடத்தோடு நின்றிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு வசந்தி வெளியே வந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். அதை மார்போடு ஒட்டி வைத்திருந்தாள், தூங்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல.

"இன்னா மீனு?"

"சின்ன மீனுதான்க்கா. காரப்பொடி, கொஞ்சம் கிழங்கா."

"வஞ்சிரம் உன் பொண்டாட்டிக்கா?"

"வஞ்சிரத்துக்கு ஆழம் போவணும்க்கா. போனா கரைக்கு வர ஒம்போது ஆவும். ஏழேகாலுக்கு உன் வாசல்ல யார் நிப்பா?"

"தெரியுதுல்ல. போ."

அவள் இடது கையால் கூடையை வாங்க, அவன் திரும்பி நடந்தான். நாலு எட்டு போவதற்குள் அவள் கூடையைச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்தாள். பூனைகளுக்கு நேரம் தெரியும். சுவரிலிருந்து குதித்தன. சத்தம் கேட்டு வடிவேலு நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

வசந்தியின் கணவன் வேதநாயகம் கடலிலிருந்து வந்தபோது பூனைகள் முகம் துடைத்துக்கொண்டிருந்தன. அவன் வேறொரு போட்டில் கூலிப் பங்குக்குப் போகிறவன். காலைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"காசு குடுத்து நெத்திலி வாங்கிக் கொழம்பு வெக்கிற. சொம்மா வர்ற மீன பூனைக்கிப் போடற."

"பூனை நன்றியா கீது."

"மீனு இன்னாடி பாவம் பண்ணிச்சி?"

"அவன் கைப்பட்டது."

வேதநாயகம் தட்டை இழுத்துக்கொண்டான். சோற்றில் நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். மாங்காய் போட்டிருந்தது. குழம்பு நன்றாக இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் கோடையில் நடந்தது அது.

திருக்கையின் வாலில் ஒரு முள் உண்டு. வலையில் திருக்கை ஏறினால் படகிலேயே வாலை மிதித்து, அந்த முள்ளை ஒடித்துக் கடலில் போட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் யாரும் கரைக்கு வருவதில்லை. கரைக்கு வரும் திருக்கைக்கு முள் இருக்காது. அதனால் கரையில் யாரும் பார்த்து எடுப்பதுமில்லை. வடிவேலு வேலைக்குப் போகும் போட்டு வந்தது. மீனை மணலில் கொட்டினார்கள். வசந்தி ஏலம் எடுத்தாள். குவியலுக்கு அடியில் கையை விட்டாள்.

கட்டைவிரலுக்குக் கீழே ஏறிய முள் உள்ளங்கையின் பாதிவரை போயிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் பெசன்ட் நகர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துத் தையல் போட்டார்கள்.

பஞ்சாயத்தில் வடிவேலு, "மறந்துட்டேன்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இத்தினி வருசமா மீன் விக்கிது இந்தக்கா. கண்ண இன்னா வூட்லயா வெச்சிட்டு வந்திச்சி?" என்று சொல்லிச் சிரித்தான். வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மதிவாணனும் மீசையைத் தடவுவதுபோல வாயை மறைத்துக்கொண்டார்.

வசந்திக்கு முள் ஏறியது சரியாக ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பு ஒவ்வொரு பல்லோடும் ஞாபகம் இருந்தது.

அவன் மறக்கவில்லை என்று அவள் நம்பினாள். முந்தின நாள் ஏலத்தில் அவன் மீனைக் கிள்ளிப் பார்த்து, "ஐஸ் மீன வெயில்ல காட்டி புதுசுன்றான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். அதற்கு இது.

கடலில் அடிபட்டுப் படுத்தவனுக்கு ஆறும்வரை போட்டிலிருந்து பங்கு போகும். அது குப்பத்தின் வழக்கம். கரையில் அடிபட்ட பெண்ணுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. சிரித்ததற்கு ஈடுசெய்வதுபோல மதிவாணன் அன்றைக்குக் கொடுத்தார். "வசந்தி கை ஆறுற வரிக்கும் டெய்லி காலைல ஏழேகாலுக்கு ஒரு கூடை மீனு. வடிவேலு அவன் கையால கொண்டாந்து அவ வாசல்ல குடுக்கணும்." ஒரு மாதம் என்று எல்லோரும் மனதில் கணக்குப் போட்டார்கள். முள் பட்ட புண் அவ்வளவுதான் எடுக்கும். எல்லோருக்கும் பட்டிருக்கிறது.

புண் ஒரு மாதத்தில் மூடிக்கொண்டது. கை ஆறவில்லை.

எரிந்தது. மிளகாய் அரைத்த கையை நெருப்பில் காட்டியதுபோல எரிந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் எரிந்தது. முந்தானை உரசினால் எரிந்தது. சில நாள் உள்ளங்கை சிவந்து பொங்கியது. சில நாள் ஐஸ் பெட்டிக்குள் விட்ட கைபோல வெளுத்தது. கத்தி பிடிக்க முடியவில்லை. சாலையோரக் கடையில் மீனை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, வெட்டுவதற்குப் பக்கத்துக் கடைக்காரியிடம் அனுப்பினாள். அந்தச் சாலையில் வசந்தியைப்போல வேகமாகச் சங்கரா வெட்ட ஆள் இல்லை என்று அடுக்குமாடி வீட்டு அம்மாக்கள் சொல்வார்கள். இப்போது அவர்கள் நேராகப் பக்கத்துக் கடைக்கே போகிறார்கள்.

வெளியே பார்த்தால் ஒரு சின்னத் தழும்பு. குப்பத்தில் அவள் நடிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அது தெரியும். வடிவேலு தினமும் வந்து நிற்பதால் அதைப் பொறுத்துக்கொண்டாள்.

அவன் இப்போது பஞ்சாயத்தில் முறையிட்டிருந்தான். புண் ஆறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது, விடுதலை வேண்டும் என்று. வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது.

"உள்ள முள்ளு கீது" என்றாள் வசந்தி. "ஒரு துண்டு உள்ளயே உட்டுட்டான் அந்த டாக்டரு. அத்த எடுத்து மதிவாணன் முன்னால வெக்கிறேன்."

மகள் அஸ்வினி பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். லீவு போட்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வலிக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருந்தது.

டாக்டர் ருக்சாருக்கு அஸ்வினியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். துணியை அவிழ்க்கச் சொன்னாள். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தழும்பின் பக்கத்தில் லேசாக வைத்தாள்.

வசந்தி நாற்காலியோடு பின்னால் போனாள். வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு வாசலில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சாரிம்மா" என்றாள் டாக்டர். "பஞ்சுதான். ஆனா உங்களுக்கு நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும். நெஜமாவே அப்படித்தான் இருக்கும்."

வசந்தி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "கேட்டியா? நெஜமான்றாங்க. அப்பன்கிட்ட சொல்லு."

ஸ்கேன் எடுத்தார்கள். சாப்பாட்டு நேரம் கழிந்துதான் மறுபடி கூப்பிட்டார்கள்.

"முள்ளு எத்தினி பெரிசு?" என்று கேட்டாள் வசந்தி. "எடுத்து ஒரு பாட்டில்ல போட்டுக் குடும்மா. எனுக்கு வோணும்."

"முள்ளே இல்லம்மா."

"நல்லா பாரு."

"ரெண்டு தடவை பாத்தாச்சு. சுத்தமா இருக்கு."

"அப்ப என்ன எரிக்கிறது யாரு?"

டாக்டர் தன் உள்ளங்கையைக் காட்டினாள். "முள்ளு ஏறினப்ப உங்க நரம்பு ஒண்ணுல அடிபட்டுச்சு. உடம்புல எங்க அடிபட்டாலும் காவலுக்கு ஆள் ஓடி வரும். ரத்தத்துல இருக்கற அணுக்கள். வீங்கறது, செவக்கறது, சூடாவறது எல்லாம் அவங்க வேலை. அழற்சின்னு சொல்வோம். புண்ணை ஆத்தறதும் அவங்கதான். வேலை முடிஞ்சா போயிடணும். உங்களுக்குப் போகல."

"ஏன் போவல?"

"சில பேருக்குப் போறதில்ல. ஏன்னு முழுசா எங்களுக்கும் தெரியாது. திருடன் ஓடிட்டான், வந்த போலீஸு வூட்லயே தங்கிட்டான்னு வெச்சுக்குங்க. லத்தியால நரம்பையே அடிக்கறான். நரம்பு கத்துது. கத்தற சத்தத்துக்கு இன்னும் நாலு போலீஸு வருது. இது கைல மட்டும் நடக்கல, முதுகுத்தண்டுக்கும் போயிடுது. அங்க இருக்கறவங்களும் முழிச்சுக்கறாங்க. அதனாலதான் பஞ்சு பட்டாலும் கத்தி பட்ட மாதிரி சேதி போவுது."

வசந்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அடிக்கிறது என் ஒடம்பு."

"ஆமா."

"வடிவேலு இல்ல."

"யாரு வடிவேலு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று அஸ்வினி குறுக்கே வந்தாள். "அவரு ஒரு மீன்காரரு."

மணிக்கட்டுப் பக்கத்தில் நரம்பை ஒட்டி ஒரு ஊசி போட்டார்கள். அழற்சி தணிய. நரம்பு அடங்க ராத்திரிக்கு ஒரு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் குறையும் என்றாள் டாக்டர். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றாள். கையைக் கட்டி வைக்காதீர்கள், வலித்தாலும் மெல்ல மெல்ல வேலை கொடுங்கள் என்றாள்.

பேருந்தில் வசந்தி துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள். அடையாறு பாலம் வந்தபோது சொன்னாள்.

"டாக்டர் சொன்னது யாருக்கும் தெரியக் கூடாது. போலீஸு, லத்தி, ஒண்ணும்."

அஸ்வினி அப்பாவிடம் மட்டும் சொன்னாள். வேதநாயகம் போட்டில் கூட வருகிறவனிடம் மட்டும் சொன்னான். மறுநாள் தேவானை வந்துவிட்டாள்.

தேவானை வடிவேலுவின் மனைவி. மீன் கூடையோடு சாலையில் வசந்திக்கு நாலு கடை தள்ளி உட்காருகிறவள். வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லியாமே."

"யார் சொன்னது?"

"கடலுக்கே தெரியும். யக்கா, உட்டுடு. போதும். அவன பசங்க இன்னான்னு கூப்புடறானுங்க தெரியுமா? டோர் டெலிவரி. 'இன்னா டோர் டெலிவரி, ஓட்டிபி வாங்கினியா'ன்றானுங்க. எம் புள்ள வயசுப் பசங்க."

வசந்தியின் முகம் மலர்ந்தது. "ஓட்டிபியா? நல்லா கீதே. நாளைலேந்து கேக்கறேன்."

"சிரிக்காதக்கா. இவனால ஆழத்துக்குப் போவ முடியல. ஏழேகாலுக்குக் கரைக்கு வரணும்னு போட்டையே திருப்பச் சொல்றான். கூட வர்றவனுங்க எத்தினி நாள் பொறுப்பானுங்க? இந்த மாசத்தோட எறங்கிக்கோன்ட்டானுங்க. எறங்கினா வேற போட்டுல எவன் ஏத்துவான்?"

"என்னையும் எறக்கித்தான் உட்டான். கத்தியக் கீழ வெச்சிட்டு ஒக்காந்துகினு கீறேன். எனக்காவ எவன் வூட்டுக்குப் போயி நீ பேசின?"

"அவன் வேணும்னு செய்யல."

"சிரிச்சது?"

தேவானை கூரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு குரல் மாறியது.

"உன் கை ஆறிட்ச்சி. நீ நாடகம் ஆடற."

"எரியுதுடி."

"அப்பிடின்னா கடல்தண்ணி எடு. பஞ்சாயத்துல, எல்லார் முன்னால. எரியுதுன்னு சொல்லு. நாங்க சாவற வரிக்கும் மீன் தூக்கறோம்."

வசந்தி எழுந்து நின்றாள். "எடுக்கறேன். எரியறத எரியுதுன்னு சொல்ல எனுக்கின்னா பயம்? ஊரக் கூட்டு."

கடல்தண்ணி எடுப்பது லேசான காரியமில்லை. உள்ளங்கையில் கடல்நீரை ஏந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அந்த வீட்டு ஆணைக் கடல் திருப்பி அனுப்பாது. அதனால் அந்த ஆண்தான் தண்ணீர் மொண்டு வர வேண்டும், அவன்தான் கேள்வியும் கேட்க வேண்டும். குப்பத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் இதில் ஒன்று. மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கியிருக்கிறார்கள். கடலிடம் அந்த ஏற்பாடு கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடவில்லை; அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். போட்டுகளை மணலிலிருந்து சாலை ஓரம்வரை இழுத்துக் கட்டினார்கள். அலை முதல் வரிசை வீடுகளின் படியைத் தொட்டது. யாரும் கடலுக்குப் போகவில்லை. வலைகளை வீட்டுக்குள் எடுத்ததில் மனிதர்களுக்குப் படுக்க இடமில்லாமல் போனது. மாவு வாங்கக்கூட வெளியே போக முடியாத மழை. வசந்தி கருவாடு வறுத்தாள். வேதநாயகம் கஞ்சியோடு அதைக் கடித்துக்கொண்டு வானொலி கேட்டான்.

அப்போதும் ஏழேகாலுக்கு வடிவேலு வந்தான். தலையில் ஒரு யூரியா சாக்கு. கையில் கூடை.

"யக்கா."

வசந்தி கதவைத் திறந்தாள்.

"மீனு இல்லக்கா. கடல் மூடிக் கீது."

"கூடை கீதுல்ல. நில்லு."

கதவைச் சாத்தவில்லை. திறந்தே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவன் மழையில் நின்றான். சாக்கு நனைந்து தோளில் ஒட்டியது. வேதநாயகம் கஞ்சியை வைத்துவிட்டு, "உள்ள வா மச்சான், டீ குடி" என்றான்.

"வந்தான்னா நான் வெளிய போறேன்" என்றாள் வசந்தி.

வடிவேலு வரவில்லை. மழை பலத்தது. காற்று திரும்பியது. ரொம்ப நேரம் கழித்து அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி மறந்தியா? இல்ல தெரிஞ்சே உட்டியா?"

வடிவேலு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். உதடு நடுங்கியது. குளிரால் இருக்கலாம்.

"ஞாபகம் இல்லக்கா."

"மறந்தது ஞாபகம் இல்லியா?"

"மறந்ததுதான் ஞாபகம் இருக்காதே."

வலைக்கூடத்தில் பேசிய அதே வாய். அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அந்தப் பற்கள் தெரிந்தன. வெறும் கூடையைப் பிடுங்கினாள். அவசரத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். துணி நழுவியது. கூரையிலிருந்து வடிந்த மழை வலது உள்ளங்கையில் கொட்டியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எரிச்சல் வரவில்லை. தண்ணீர் தண்ணீராக இருந்தது. குளிர்ந்திருந்தது.

"இன்னாக்கா?" என்றான் வடிவேலு.

"போடா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

அன்று பகல் முழுவதும் அவள் கையைத் துணிக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள். மழை விட்ட மறுநாள் வேதநாயகம் வெளியே போன பிறகு துணியை அவிழ்த்தாள். மின்விசிறிக்குக் கீழே நீட்டினாள். காற்று வந்தது, போனது. பலகையை எடுத்தாள். கத்தியைத் தேடி எடுத்தாள். அதில் துரு ஏறியிருந்தது. கல்லில் தீட்டினாள். ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்த சங்கராவை எடுத்து செதில் சீவினாள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாள். விரல்கள் பழகாமல் இறுகியிருந்தன. கட்டைவிரலடியில் லேசாகச் சுட்டது. ஆனால் கத்தி நின்றது. ஐந்து துண்டு. ஐந்தும் ஒரே அளவு.

அவளுக்கு அழுகை வந்தது. அந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

துணியைச் சுற்றிக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் படுத்ததும் தூங்கினாள். ஒன்றரை வருஷமாகக் கையைத் தலையணை மேல் வைத்துச் சுவரில் சாய்ந்து தூங்கியவள், இப்போது ஒருக்களித்து, கையைத் தலைக்கடியில் கொடுத்துத் தூங்கினாள். விழித்ததும் பயந்து கையை மார்புக்கு இழுத்துக்கொள்வாள். பக்கத்தில் வேதநாயகம் கண்ணைத் திறந்து படுத்திருப்பான். அவள் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுப்பான்.

காலையில் வடிவேலு வந்தான். அவள் டீயை ஆற்றினாள். மீனைப் பூனைக்குப் போட்டாள். எல்லாம் முன்போலவே நடந்தது. ஒன்றுதான் பழையபடி இல்லை. முன்பெல்லாம் அவன் நிற்கும் நேரத்தில் கை எரியும். எரிய எரிய அவனை நிறுத்தி வைப்பதில் ஒரு கணக்குத் தீர்வதுபோல இருக்கும். இப்போது அவன் சும்மா நின்றான்.

பஞ்சாயத்துக்கு வியாழன், வெள்ளி, சனி இருந்தன. வியாழன் இரவு அவள் மாத்திரையை எடுத்து, தண்ணீர் டம்ளரையும் எடுத்து, தண்ணீரை மட்டும் குடித்தாள்.

சனிக்கிழமை அஸ்வினி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"நேத்து போடலியா? முந்தாநேத்தும்?"

"மறந்துட்டேன்."

"வடிவேலு மாமா மாதிரியா?"

வசந்தி கரண்டியை வைத்தாள். "வாய உடைப்பேன்."

"டாக்டர் நிறுத்தாதன்னாங்களா இல்லியா?"

"மெல்லப் பேசு. உங்கப்பன் வாசல்ல கீறான்."

"கை நல்லாயிட்ச்சும்மா. நான் பாத்தேன், நேத்து நீ பூண்டு உரிச்ச. நாலு வருசம் ஆனாலும் எரியும்னு நெனச்சிகினு இருந்தேன். நான் டாக்டர் ருக்சாருக்கு ஸ்வீட் வாங்கிக் குடுக்கணும்னு நெனக்கிறேன், நீ இன்னாடான்னா..."

"கடல்தண்ணி எடுக்கறேன்னு சொல்லிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். உங்கப்பன் கடலுக்குப் போறவன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அஸ்வினிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"எரியணும்னா? திரும்ப எரியணும்னு நிறுத்திட்டியா? நீ இன்னா பைத்தியமா?"

"அவன் சிரிச்சான்டி."

"சிரிச்சான். சரி. அவன் சிரிச்சதுக்கு உன் கைய நீயே கொளுத்திக்குவியா?"

"எவன் கொளுத்தினா இன்னா? எரிஞ்சா போதும். உண்மையா எரிஞ்சா நான் உண்மைய சொல்வேன். அவன் நிப்பான்."

"எத்தினி நாளு?"

"அவன் போட்டுலேந்து எறங்கற வரிக்கும். எறங்கி, எவன் வாசல்லயாவது கைகட்டி நிக்கிற வரிக்கும்."

அஸ்வினி மாத்திரை அட்டையை எடுத்து, குனிந்தபடியே அம்மாவின் காலடியில் வைத்தாள். பிறகு அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

இரவு வசந்தி கைக்காகக் காத்திருந்தாள். ஊருக்குப் போன பிள்ளையை எதிர்பார்ப்பதுபோல. விடியும் நேரத்தில் கட்டைவிரலடியில் சின்னதாக ஒரு கங்கு விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது பரவுவதுபோல இருந்தது. பிறகு நின்றது. ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து பார்த்தபோது இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கையைச் சுவரில் தேய்த்துப் பார்த்தாள்.

சாயங்காலம் வலைக்கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. மழைக்குப் பிறகு கடல் மண் நிறத்தில் இருந்தது. ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்து மணலில். மறுநாள் விடியலில் எல்லாப் போட்டும் ஆழத்துக்குப் போகப்போகிறது. புயலுக்குப் பின் ஆழக்கடலில் முதல் பாடு. அந்த அவசரம் எல்லோர் பேச்சிலும் இருந்தது.

"சீக்கிரம் முடிப்போம்" என்றார் மதிவாணன். "வடிவேலு, சொல்லு."

வடிவேலு எழுந்தான். ஆள் இளைத்திருந்தான். "எனுக்கு வேற ஒண்ணும் வாணாம் தலைவரே. புண்ணு ஆறிட்ச்சி. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல. போட்டுல நாளைக்கி வேற ஆள ஏத்தப்போறாங்க. ஆழத்துக்கு வர்றியா இல்லியான்னு இன்னிக்கி சொல்லணும்."

"ஸ்கேன்ல முள்ளு இல்ல, அவ்ளோதான்" என்று அஸ்வினி எழுந்தாள். வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். மகள் தன்னைப் பார்க்கவில்லை. "வலி நெஜம். டாக்டர் சொன்னாங்க. முள்ளு பட்டப்ப நரம்பு காயமாயிட்ச்சி. காவலுக்கு வந்த அணுவெல்லாம் போவாம அங்கியே நின்னு நரம்ப அடிக்குது. எங்கம்மா நடிக்கல."

"அப்ப அடிக்கிறது அந்தக்கா ஆளுங்க" என்றான் வடிவேலுவின் போட்டுக்காரன் பிரபு. "அவங்க ஆளு அவங்கள அடிச்சா எங்காளு இன்னாத்துக்கு மீனு தூக்கணும்? கேஸ மாத்திப் போடு தலைவரே."

கூடம் சிரித்தது. அதே சிரிப்பு. வசந்தி வடிவேலுவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். தோள் குலுங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்திருப்பான் என்று எடுத்துக்கொண்டாள்.

"காவலக் கூப்புட வெச்சவன் எவன்?" என்றாள் உட்கார்ந்தபடியே. "நானா?"

சிரிப்பு நின்றது. மதிவாணன் தலையாட்டினார்.

"கேள்வி சரி. ஆரம்பிச்சி வெச்சது வடிவேலு. அதுல மாத்தமில்ல. அப்ப தீர்ப்பு இன்னா? கை ஆறுற வரிக்கும். ஆறிட்ச்சா இல்லியா, அவ்ளோதான் இப்ப பேச்சு. வெளிய பாத்து எங்களால சொல்ல முடியாது. வசந்தி கடல்தண்ணி எடுக்கறன்னு சொல்லிக் கீறா. எரியுதுன்னா வடிவேலு நிக்கணும். போட்டு போனாலும் நிக்கணும். இல்லன்னா இதோட விட்டாச்சு. ரெண்டு பக்கமும் சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தேவானை, கணவனுக்கு முன்னால்.

வேதநாயகம் எழுந்து அலைக்குப் போனான். முழங்கால்வரை இறங்கிச் சொம்பில் மொண்டான். திரும்பி வந்தான். அவன் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் வரிசையாகப் புள்ளி விழுந்தது.

வசந்தி எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தாள். துணியை அவிழ்த்தாள். வெளிச்சம் படாத கை வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய கைபோலவோ இருந்தது. அதை நீட்டினாள். வடிவேலு தலையைத் தூக்கினான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. முதல்முறையாக. இதற்காகத்தான் அவள் இத்தனை நாள் டீயை ஆற்றினாள்.

வேதநாயகம் சொம்பைச் சாய்த்தான். உப்புத்தண்ணீர் உள்ளங்கையில் நிறைந்து, தழும்பை மூடி, விரலிடுக்கில் வழிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேதநாயகம் காத்திருந்தான். அவன் குரல் வீட்டில் பேசுவதுபோலவே இருந்தது.

"சொல்லு வசந்தி. எரியுதா?"